துவாரகாவின் டோஜ்

தலையை எடுக்கப் போகிறோம் என்று கிளமெண்டிடம் யாரும் முதலில் சொல்லவில்லை. தப்பான கேட் வழியாக வந்துவிட்டீர்கள் என்றுதான் சொன்னார்கள்.

ஜனவரி மாதத்து டெல்லி. பனிமூட்டம் துவாரகாவை முழுசாக விழுங்கியிருந்தது. மகள் அன்னாவின் தலைப்பிரசவத்துக்காக மனைவி பிலோமியைப் பாளையங்கோட்டையில் கொண்டுபோய் விட்டுவிட்டு, அரை நாள் லேட்டாக வந்த ரயிலிலிருந்து இறங்கி, ஆட்டோ பிடித்து, செங்கழுநீர் அபார்ட்மெண்ட்ஸ் வாசலில் வந்து நின்றார் கிளமெண்ட். நீட்டிய கை நீட்டியவருக்கே தெரியாத பனி. குத்துமதிப்பாக ஒரு கேட்டைத் தள்ளிக்கொண்டு பெட்டியோடு உள்ளே நுழைந்தார்.

"அரே சாப்!" காவலாளி ராம்விலாஸ் அலறினான். "யே தோ பாஹர் ஜானே வாலா கேட் ஹை!"

"இருக்கட்டும் பையா. வெளிய போற கேட்டுன்னா உள்ள வரக்கூடாதா?"

ராம்விலாஸ் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தான். ஒரு வருஷமாகக் குடியிருந்தும் சொசைட்டி மீட்டிங் பக்கமே எட்டிப் பார்க்காதவருக்கு அவன் அடித்த முதல் சல்யூட் அது. 

பனிக்குள்ளிருந்து ஒரு மாலை வந்தது. மாலைக்குப் பின்னால் சந்திரமௌலி வந்தார். அவருக்குப் பின்னால் ஒன்பது ஸ்வெட்டர்கள்.

"கங்கிராஜுலேஷன்ஸ் கிளமெண்ட்! நேத்து ஜெனரல் பாடி மீட்டிங்ல உங்களை டோஜாத் தேர்ந்தெடுத்திருக்கோம்."

சந்திரமௌலியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். மத்திய சர்க்காரில் ஜாயிண்ட் செகரட்டரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் ஓய்வுக்கு அவர் கிடைக்கவில்லை. சர்வீஸில் இருந்தபோது, டெல்லியில் மழைத் தண்ணீர் தேங்குவதைத் தடுப்பது எப்படி என்று ஆராய அரசாங்கச் செலவில் வெனிஸ் போய் வந்தார். தண்ணீரிலேயே நிற்கிற ஊரில் போய் அதை ஏன் ஆராய வேண்டும் என்று ஒருவர் கேட்டார். அவரை அடுத்த டூரில் சேர்த்துக்கொண்டார்கள். டெல்லியில் தண்ணீர் இன்றும் தேங்குகிறது. ஆனால் சந்திரமௌலி வெனிஸிலிருந்து வெறுங்கையோடு திரும்பவில்லை. டோஜைக் கொண்டுவந்தார். அமைச்சகம் அவர் அறிக்கையைப் படிக்கவில்லை. செங்கழுநீர் அபார்ட்மெண்ட்ஸால் தப்பிக்க முடியவில்லை.

"பாருங்கோ கிளமெண்ட், அந்தக் கால வெனிஸ் ஒரு குடியரசு. அதுக்குத் தலைவர் டோஜ். ஆயிரம் வருஷத்துக்கு மேல நின்னுது. எப்படித் தெரியுமோ? தலைவனை ஒருத்தரும் நம்பல. அதான் சூட்சுமம்! தங்கக் குல்லாய் கொடுப்பா, பட்டு அங்கி கொடுப்பா, அதிகாரம் மட்டும் கொடுக்க மாட்டா. வர கடுதாசியை அவன் தனியாப் பிரிக்கப்படாது. கேட்காம ஊரை விட்டுப் போகப்படாது. தன்னிஷ்டத்துக்கு ராஜினாமா பண்ணப்படாது. இதையெல்லாம் கண்காணிக்கப் பத்துப் பேர்."

"நாங்கதான் அந்தப் பத்துப் பேர்," என்றார் ராஜி மேடம். ஆடிட் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் புன்னகைத்தால்கூட ஏதோ ஒரு தப்பைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி இருக்கும்.

"நான் ஊர்லயே இல்லியே சார்!"

"அதனாலதான்," என்றார் ராஜி மேடம். "வந்திருந்தவங்க எல்லாரும் ஆளுக்கொரு காரணம் சொல்லி மறுத்துட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் மறுக்கல."

தேர்தல் அசல் வெனிஸ் முறைப்படிதான் நடந்திருந்தது. தம்போலா பையில் கைவிட்டுக் காய் எடுத்து முப்பது பேர், அதிலிருந்து ஒன்பது பேர், அந்த ஒன்பது பேர் பார்த்துத் தேர்ந்தெடுத்த நாற்பது பேர், மறுபடி பை, மறுபடி குறைப்பு. வெனிஸில் ஊழலைத் தடுக்க இப்படிச் செய்தார்கள். செங்கழுநீரில் நாற்பது பேர் இல்லாததால், அதே ஆட்கள் ஸ்வெட்டரை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் சமோசா.

"வீடு எம் பேர்லயே இல்ல சார். பிலோமி பேர்லல்லா இருக்கு. ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்தப்ப அவ லோன் போட்டு வாங்குனது."

"அதனால என்ன? குடும்பத்துல யார் வேணும்னாலும் டோஜ் ஆகலாம். லேடீஸ்கூட. அந்த விஷயத்துல நாம வெனிஸைவிட முற்போக்கு." சந்திரமௌலி குரலைத் தாழ்த்தினார். "நீங்க அவுட் கேட் வழியா வந்ததுதான் சங்கடமா இருக்கு."

"பனியில தெரியல சார்."

"மரீனோ ஃபாலியேர்னு ஒரு டோஜ். 1354-ல. அவனையும் வெளியூர்ல இருக்கறச்சேதான் தேர்ந்தெடுத்தா. அவன் வந்து இறங்கின அன்னிக்கும் இதே மாதிரி பனி. படகு தப்பான இடத்துல ஒதுங்கிடுத்து. ரெண்டு தூணுக்கு நடுவுல நடந்து வந்துட்டான். கைதிகளைக் கொல்ற இடம் அது."

"பெறவு?"

"அடுத்த வருஷமே தலையை எடுத்துட்டா."

கிளமெண்ட் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

சொசைட்டி ஆபீஸுக்கு அழைத்துப் போனார்கள். சுவரில் இதுவரை இருந்த டோஜ்களின் போட்டோக்கள் வரிசையாக மாட்டியிருந்தன. கடைசிச் சட்டத்தின் மேல் மட்டும் கறுப்புத் துணி. நான்கு மூலையிலும் ஆணி.

"அது யாரு சார்?"

"இந்தாங்கோ, டீ சாப்பிடுங்கோ," என்றார் சந்திரமௌலி.

கிளமெண்ட் ஓர் ஆஸ்பத்திரி லேபில் முப்பது வருஷம் அடுத்தவர் ரத்தத்தைச் சோதித்தவர். தன் ரத்தம் உறைவது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டார்.

மறுநாள் முடிசூட்டு விழா. வெனிஸ் டோஜின் குல்லாய்க்குப் பின்பக்கம் கொம்பு மாதிரி ஒரு கூர் உண்டு. செங்கழுநீரில் அதற்காக ஒரு குரங்குக் குல்லாய்க்குள் பஞ்சடைத்து, சரிகை வைத்துத் தைத்திருந்தார்கள். காது அடைத்துக்கொண்டதால் பதவிப் பிரமாணத்தில் பாதி கிளமெண்டுக்குக் கேட்கவில்லை. கேட்ட பாதி போதுமானதாக இருந்தது. மோட்டாரைப் போடச் சொல்லும் அதிகாரம் டோஜுக்கு இல்லை. மோட்டார் ஓடாவிட்டால் குற்றம் டோஜுடையது. லிஃப்ட், குப்பை, குரங்குத் தொல்லை எல்லாவற்றுக்கும் அதே ஷரத்து.

அதற்கு அடுத்த நாள் கல்யாணம்.

"யாருக்கு?" என்றார் கிளமெண்ட்.

"உங்களுக்கு. வெனிஸ்ல டோஜ் வருஷா வருஷம் கடலைக் கல்யாணம் பண்ணிப்பான். மோதிரத்தைக் கடல்ல போட்டு, 'உன்னை மணக்கிறோம்'னு சொல்லணும். நமக்குக் கடல் இல்லை. மொட்டை மாடியில தண்ணித் தொட்டி இருக்கு."

"எனக்கு ஏற்கெனவே கோயில்ல கல்யாணம் ஆயிட்டுது சார்."

"இது உத்தியோகபூர்வமான கல்யாணம்," என்றார் ராஜி மேடம். "முதல் கல்யாணத்தைப் பாதிக்காது. நான் ரூல்ஸ் பாத்துட்டேன்."

பத்துப் பேரும் கைதட்ட, ஜன்னல் திரையிலிருந்து கழற்றிய ஒரு பித்தளை வளையத்தைக் கிளமெண்ட் சிமெண்டுத் தொட்டிக்குள் போட்டார். வளையம் நேராகப் போய்க் குழாய் வாயில் சிக்கியது. மூன்று மாடிகளுக்குத் தண்ணீர் நின்றது. 'மணமகன் பொறுப்பு' என்று உடனே தீர்மானம் போட்டார்கள்.

பிலோமி போன் பண்ணினாள். டோஜின் போன் ஸ்பீக்கரில்தான் இருக்க வேண்டும். அந்தப் பத்துப் பேரில் இரண்டு கவுன்சிலர்கள் எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டும்.

"என்னங்க, தொட்டியக் கட்டிக்கிட்டியளாமே? அபார்ட்மெண்ட் குரூப்புல போட்டோ வந்துருக்கு. அவளாவது சொன்னபடி கேக்காளா?" அந்தப் பக்கம் அன்னாவும் சேர்ந்து சிரிப்பது கேட்டது. "என்ன பேச்சையே காணும்? நல்லா இருக்கியளா?"

கிளமெண்ட் எதிரே பார்த்தார். ராஜி மேடம் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"நல்லா இருக்கேன் பிலோமி. எல்லாம் நல்லா நடக்கு. பெரிய மரியாதை."

பிலோமி கூரியரில் அனுப்பிய முறுக்கைப் பத்துப் பேரும் சாப்பிட்டுப் பார்த்து, விஷம் இல்லை என்று காலி டப்பாவைக் கொடுத்தார்கள். அன்னாவின் ஸ்கேன் படம் போனில் வந்தபோது கூட்டம் கூட்டி, 'பார்க்கப்பட்டது, ஆட்சேபணை இல்லை' என்று குறித்துக்கொண்டார்கள். லிஃப்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டர் சிங்கத் தலை ஒன்று இருந்தது. அதன் வாயில் யாரும் பெயர் போடாமல் டோஜ்மேல் புகார் எழுதிப் போடலாம். டோஜ் லிஃப்டில் தும்மினார். டோஜ் ராம்விலாஸைப் பார்த்துச் சிரித்தார். டோஜ் சிங்கத்தை முறைத்தார்.

இதெல்லாம் கேலிக்கூத்து என்று பகலில் தன்னைத்தானே தேற்றிக்கொள்வார் கிளமெண்ட். ஆனால் ஆபீஸுக்குள் போகும்போதெல்லாம் கண் அந்தக் கறுப்புத் துணிக்குத்தான் போயிற்று. ஒருநாள் ராம்விலாஸிடம் மெல்லக் கேட்டார்.

"பையா, பழைய டோஜ் சாபுக்கு என்னாச்சு?"

ராம்விலாஸ் நாலா பக்கமும் பார்த்தான். ஆள்காட்டி விரலால் கழுத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தான். "நாம் மத் லோ சாப்," அந்தப் பேரையே எடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, கிடுகிடுவென்று பனிக்குள் போய்விட்டான்.

அன்று மத்தியானம் பிலோமியிடமிருந்து மறுபடி போன். இப்போது சிரிப்பு இல்லை.

"அன்னாவுக்குப் பிரஷர் ஏறிருக்காம். வெள்ளிக்கிழமையே ஆபரேஷன் பண்ணி எடுத்துருவோம்னு டாக்டரம்மா சொல்லுதாவ. புள்ள அப்பா எங்க, அப்பா எங்கன்னு கேட்டுக்கிட்டே கெடக்கா. வந்துருவியளா?"

"வந்துருதேன்."

எதிரே சந்திரமௌலி தொண்டையைச் செருமினார்.

லீவு கேட்டார் கிளமெண்ட். பணிவாக, கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"மனுஷாபிமானமா நான் ஒத்துக்கறேன்," என்றார் சந்திரமௌலி. "ஆனா, குடியிருப்போர் கோரிக்கை எதுவானாலும் டோஜ் மூலமாத்தான் எங்களுக்கு வரணும். உங்க லீவை நீங்களே எப்படி சிபாரிசு பண்ணுவேள்? சொந்த நலன் கலந்துடும். ஃபாலியேர் அப்படித்தான் கெட்டுப்போனான்."

"அப்ப ராஜினாமா பண்ணிருதேன்."

"அதுக்கும் டோஜ் சிபாரிசு வேணும்."

சிபாரிசும் வேண்டாம், சிங்கமும் வேண்டாம் என்று மறுநாள் காலை பெட்டியோடு கேட்டுக்கு நடந்தார். தடுப்புக் கம்பு இறங்கியது. ராம்விலாஸ் அழாத குறையாக விசில் ஊதினான். பத்து பால்கனிகளின் கதவு ஒரே நேரத்தில் திறந்தது. பத்து மப்ளர்கள் கீழே குனிந்து பார்த்தன. யாரும் திட்டவில்லை. ராஜி மேடம் மட்டும், "டோஜ் வாக்கிங் போறார் போல. பெட்டியோட," என்றார் மென்மையாக.

கிளமெண்ட் திரும்பினார். 

அப்போதுதான் அந்த மனிதரைப் பார்த்தார்.

கையில் பால் பாக்கெட், அக்குளில் முள்ளங்கிக் கட்டு. வெளியிலிருந்து சாவகாசமாக வந்தார். கம்புக்கு அடியில் குனிந்து உள்ளே நுழைந்தார். ராம்விலாஸ் அவரைப் பார்க்கவில்லை. பால்கனியில் நின்றவர்கள் அவரை ஊடுருவி அவருக்குப் பின்னாலிருந்த செடியைப் பார்த்தார்கள். அவர் காலடி ஓசை மட்டும் தெளிவாகக் கேட்டது.

மாதாவே! கிளமெண்ட் சட்டைக்குள் கைவிட்டுச் சிலுவையைப் பிடித்துக்கொண்டார். பேயா? பேய் முள்ளங்கி வாங்குமா?

சி பிளாக் மாடிப்படி வரை பின்னாலேயே போனார். அந்த மனிதர் சட்டென்று திரும்பினார்.

"நீங்க என்னைப் பாக்கறேளா?" குரல் நடுங்கியது. அவருடைய குரல்தான்.

"பா... பாக்கேன் சார்."

"அப்பாடா! உள்ள வாங்கோ, உள்ள வாங்கோ. காபி சாப்பிடலாம். நான் அனந்தகிருஷ்ணன். உங்களுக்கு முன்னாடி இருந்த டோஜ். கறுப்புத் துணி."

கிளமெண்டின் கண் தன்னையறியாமல் அவர் கழுத்துக்குப் போயிற்று. கழுத்து இருந்தது. மேலே தலையும் இருந்தது.

"வெட்டிட்டா ஓய்!" என்றார் அனந்தகிருஷ்ணன் உற்சாகமாக. "மோட்டார் ரூம் பூட்டை உடைச்சேன். ராஜத்துரோகம். படிக்கட்டுல வெச்சு, போட்டோவுல தலையைக் கத்தரிச்சா. அந்த நிமிஷத்துலேர்ந்து நான் ரெக்கார்ட்ல இல்லை. இல்லாதவனுக்கு மீட்டிங் இல்லை, வேலை இல்லை. கேட்ல நிறுத்தணும்னா முதல்ல என்னைப் பாக்கணுமே! பாத்தா அவா ரூலை அவாளே மீறினதா ஆயிடும். ரொம்ப சௌகரியம்!"

கிளமெண்டின் மூளைக்குள் ஒரு விளக்கு எரிந்தது. இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகிற ஒரே டோஜ், தலையில்லாத டோஜ்!

உள் அறையிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். ஒரே ஒரு டம்ளர் காபி கலந்து, சுவரைப் பார்த்தபடி தானே குடித்துவிட்டு உள்ளே போனார்.

"என் ஆத்துக்காரி," என்றார் அனந்தகிருஷ்ணன். உற்சாகம் கொஞ்சம் வடிந்திருந்தது. "அவ ரெக்கார்ட்ல இருக்கா. அதனால எங்கிட்ட பேசப்படாது. முதல் வாரம் அழுதா. ரெண்டாவது வாரம் ஜாடை காட்டினா. இப்போ... அவளுக்கும் சௌகரியமாப் போயிடுத்து போல." கிளமெண்டின் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னும் கொஞ்ச நேரம் இருங்கோளேன். என் குரலை நானே கேட்டு எத்தனை நாளாச்சு!"

கையை விடுவித்துக்கொள்வது கஷ்டமாக இருந்தது. விரல்கள் ஐஸாகச் சில்லிட்டிருந்தன. ஆனால் வெள்ளிக்கிழமை காத்திருக்காது.

புதன்கிழமை காலை, ஊர் பார்க்க, கிளமெண்ட் ஒரு சுத்தியலால் மோட்டார் ரூம் பூட்டைத் தட்டினார். முதல் அடி சுவரில் விழுந்தது. அடுத்த அடியில் பூட்டு தெறித்தது. தொட்டியில் சிக்கிய வளையத்தை முந்தின நாளே எடுத்துவிட்டிருந்தார். சுவிட்சை அழுத்தினார். செங்கழுநீரின் எல்லாக் குழாய்களிலும் ஒரே சமயத்தில் தண்ணீர் கொட்டியது. எங்கோ ஒரு பெண் குரல் சந்தோஷத்தில் கூவியது. உடனே வாயைப் பொத்திக்கொண்ட மாதிரி நின்றது.

மத்தியானம் விசாரணை. பத்து நாற்காலிகள், எதிரே ஒரு ஸ்டூல்.

"குற்றத்தை ஒத்துக்கறேளா?" என்றார் சந்திரமௌலி.

"தண்ணி வந்தது குத்தமா சார்?"

"தண்ணி வந்தது குற்றமில்லை. கேட்காம வந்தது குற்றம்!" சந்திரமௌலி எழுந்து நின்றார். கண்களில் நிஜமான வேதனை. "இன்னிக்குத் தண்ணி வந்துடுத்து. நாளைக்கும் வரும்னு ஜனங்க நினைக்க ஆரம்பிச்சுடுவா. அப்புறம் எங்களை எதுக்கு வந்து பாப்பா? முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல நான் ஒரு முடிவுகூட எடுத்ததில்லை. அதனாலதான் எம்மேல ஒரு கறையும் இல்லை. நீங்க ஒரே காலையில ஒரு முடிவு எடுத்து, அதை நடத்தியும் காட்டிட்டேள். இது நிர்வாகமா? இது வெறும் வேலை!"

"ஒரு மணி நேரம் ஓடியிருக்கு," என்றார் ராஜி மேடம். "யாரும் புகார்கூடக் குடுக்கல. அதுதான் ரொம்ப ஆபத்து."

பத்துக் கைகளும் உயர்ந்தன.

மாடிப்படி முதல் வளைவுக்கு அழைத்துப் போனார்கள். ஃபாலியேரையும் அரண்மனைப் படிக்கட்டில்தான் வெட்டினார்கள் என்று சந்திரமௌலி ஞாபகப்படுத்தினார். வெல்வெட் துணியில் நீளமாக ஏதோ சுற்றி வந்தது. பிரித்தார்கள். தையல்காரர் வைத்திருக்கும் பெரிய கத்தரி. ராஜி மேடத்தின் கையில் முடிசூட்டு விழா போட்டோ. குரங்குக் குல்லாயில் கிளமெண்ட் அதில் மலங்க மலங்க விழித்துக்கொண்டிருந்தார்.

வெறும் காகிதம்தான் என்று தெரியும். தெரிந்தும், கத்தரி வாயைத் திறந்தபோது கிளமெண்ட் ஒரு படி பின்னால் போனார். க்ரிச். சில்லென்று ஏதோ கழுத்தைத் தாண்டிப் போயிற்று. இரண்டு கையாலும் தொண்டையைப் பிடித்துக்கொண்டார். காகிதத் தலை சுழன்று சுழன்று படிகளில் இறங்கியது.

"அப்ப நான் வாரேன் சார்," என்றார்.

சந்திரமௌலி அவர் நின்ற இடத்தைத் தாண்டிச் சுவரைப் பார்த்தார். "இங்க யாரோ பெட்டியை விட்டுட்டுப் போயிருக்கா போலிருக்கே," என்றார். "சாயந்திரமே மீட்டிங் போட்டுடலாம். நாற்காலி காலியா இருக்கப்படாது."

கிளமெண்ட் பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார். ஓடக்கூடாது என்று சொல்லிச் சொல்லி நடந்தார். கேட்டில் தடுப்புக் கம்பு குறுக்கே கிடந்தது. ராம்விலாஸ் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் உதடு மட்டும் அசைந்தது.

"ஹவா ஆயி," என்றான். காற்று வந்தது. கம்பு மேலே ஏறியது.

நிஜாமுதீனில் திருக்குறள் எக்ஸ்பிரஸ் புண்ணியத்துக்கு நின்றுகொண்டிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தும் கிளமெண்டுக்கு மூச்சு சீராகவில்லை. டி.டி.ஆர். வந்து டிக்கெட் கேட்டபோது அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் கண்ணைப் பார்த்துக் கேட்டாரே! வண்டி பனியில் நின்று நின்று நகர்ந்து, விடியும்போது எங்கோ ஜான்சிப் பக்கம் ஊர்ந்தது. போனில் சிக்னல் வந்ததும் பிலோமியை அழைத்தார். ஸ்பீக்கர் இல்லை. எதிரே கவுன்சிலர் இல்லை.

"என்னங்க, எங்க இருக்கியோ? எத்தன தடவ அடிச்சேன்!" பிலோமியின் குரல் பொங்கியது. "பேத்தி பொறந்துருக்கா! நேத்து ராத்திரியே ஆபரேஷன் பண்ணிட்டாவ. தாயும் பிள்ளையும் சொகம். மூக்கு அப்படியே ஒங்க மூக்கு."

கிளமெண்டுக்குக் கண் நிறைந்தது. "ஸ்தோத்திரம். நான் வந்துக்கிட்டு இருக்கேன் பிலோமி. தப்பிச்சு வந்துக்கிட்டு இருக்கேன்."

"தப்பிச்சா? என்ன சொல்லுதிய? அது கெடக்கட்டும், இன்னொரு நல்ல சேதி கேளுங்க. நம்ம அபார்ட்மெண்ட்ல இருந்து சந்திரமௌலி சார் பேசுனாவ. நேத்து மீட்டிங்காம். எல்லாரும் ஒருத்தர் விடாம வந்துருந்தாவளாம். என்னைய ஏகமனசாத் தேர்ந்தெடுத்துருக்காவளாம்."

வண்டி ஒரு பாலத்தின்மேல் ஏறியது. கிளமெண்டின் காதில் தடதடவென்று சத்தம். ஒருத்தர் விடாமல் வந்திருப்பார்கள். வராதவரைத்தான் தேர்ந்தெடுப்பார்கள் என்பது இப்போது எல்லாருக்கும் தெரியும். வராத ஆள் ஒரே ஆள். வீடும் அவள் பேரில்.

"பிலோமி, வேண்டாம்! ஒத்துக்காத! முடியாதுன்னு சொல்லிரு!"

"சரின்னு சொல்லிட்டனே. பெரிய மரியாதைன்னு நீங்கதான அன்னைக்குச் சொன்னிய? ஃபிளைட் டிக்கெட்டுகூட அவியளே போட்டுட்டாவ. அன்னாவ அவ மாமியார் பாத்துக்கிடுவாவ, நாளைக்குக் காலம்பற கெளம்புதேன். ஆனா ஒண்ணு, எனக்கு வெளங்கல. எங்க வீட்டுக்காரர் அங்க இருக்காரான்னு கேட்டேன். அப்படி ஒருத்தர் எங்க ரெக்கார்ட்ல இல்லைன்னாரு. என்னங்க அது? கேலி பண்ணுதாரா? ஒரு நிமிசம் இருங்க, இன்னொரு கால் சேருது. ரெண்டு கவுன்சிலரு எப்பவும் லைன்ல இருப்போம்னு..."

க்ளிக்.

"குட் மார்னிங் டோஜ் மேடம்," என்றது சந்திரமௌலியின் குரல், வெகு அருகில். "யாரோடயோ பேசிண்டிருந்தேள் போலிருக்கே?"

எங்கோ ஒரு கைக்குழந்தை அழுதது. தன் பேத்தி.

"பிலோமி," என்றார் கிளமெண்ட். "பிலோமி, நான்தான்."

"யாரு மேடம் லைன்ல?" இது ராஜி மேடம்.

பிலோமி மூச்சை இழுத்து விடுவது கேட்டது.

"யாருமில்ல மேடம்," என்றாள். "காத்துதான் இரையுது."

போன் அணைந்தது.

கிளமெண்ட் இருட்டான திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சமாளிக்கச் சொன்னாளா, இல்லை, நிஜமாகவே கேட்காமல் போய்விட்டதா? அவள் குரலை வைத்தே அவள் முகத்தைச் சொல்லிவிடக்கூடியவர் அவர். முதல் தடவையாக அவருக்குத் தெரியவில்லை. கை தானாகப் போய்க் கழுத்தைத் தொட்டுப் பார்த்தது.

வண்டி தெற்கே போய்க்கொண்டிருந்தது. நாளைக் காலையில் அவள் வடக்கே கிளம்புகிறாள்.